இரண்டரை சென்டிமீட்டர் ரகசியம்

1960 செப்டம்பர், ரோம். ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியின் கடைசிச் சுற்று. சோவியத் வீரர் யூரி விளாசவ் 202.5 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துகிறார். உலக சாதனை! அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. எல்லோர் கண்ணும் அவர் கைகளில் இருக்கட்டும். நாம் மட்டும் கொஞ்சம் அண்ணாந்து பார்ப்போம். நம் கதாநாயகன் அந்த இரும்புத் தட்டுகளுக்கும் மேலே, ஒரு சத்தமும் போடாமல், பல மடங்கு பெரிய பளுவைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை.

அவன் ஒரு கூரை. பலட்ஸெட்டோ டெல்லோ ஸ்போர்ட் என்ற அந்த உள்ளரங்கத்தின் குவிமாடம் ஏறத்தாழ 60 மீட்டர் அகலம். நடுவில் தாங்க ஒரு தூண் கிடையாது. வெளியே சாய்ந்து நிற்கும் 36 ஒய் வடிவக் கால்கள்தான் மொத்தத்தையும் பிடித்திருக்கின்றன. உள்ளேயிருந்து பார்த்தால் சாய்சதுரங்கள் சுழன்று சுழன்று உச்சியை நோக்கி ஓடுகின்றன. அலங்காரத்துக்காகச் செய்தது என்றுதான் தோன்றும். இல்லவே இல்லை. அந்தச் சாய்சதுரங்கள்தான் கூரை. முன்கூட்டியே வார்த்து வைத்த 1,620 துண்டுகள். ஒவ்வொன்றின் தடிமனும் சுமார் 2.5 செ.மீ. உங்கள் வீட்டுச் செங்கல் சுவரில் கொத்தனார் பூசியிருக்கும் சாந்தைவிட ஏதோ கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்!

இத்தனை மெல்லிசுக்குள் அப்படி என்னதான் ஒளித்து வைத்தார்கள்? பின்வாசல் திறந்திருக்கிறது, வாருங்கள். சட்டை மட்டும் ஜாக்கிரதை, உள்ளே கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்தச் சரக்கின் பெயர் ஃபெரோசிமென்ட். சமையல் குறிப்பு ஒரு வரிதான்: சிமென்ட், சலித்த மணல், தண்ணீர், கம்பி வலை. ஜல்லிக்கு இங்கே அனுமதி இல்லை. வழக்கமான கான்கிரீட்டில் தடித்த கம்பிகளை விரல் தூரம், சாண் தூரம் விட்டு வைப்பார்கள். இதில் மெல்லிய வலைகளை அடுக்கடுக்காகச் செருகி, இடுக்கெல்லாம் சாந்தை அழுத்தி நிரப்புவார்கள். ஒரு சென்டிமீட்டரிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குள் வேலை முடிந்துவிடும்.

அரை நிமிடம் கணக்கு வாத்தியார் வேஷம் கட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. கம்பி ஒன்றை எடுங்கள். அதே எடை இரும்பை 1 மி.மீ. கம்பிகளாக இழுத்துவிடுங்கள். இரும்பின் அளவு மாறவில்லை. ஆனால் சாந்து தொட்டுப் பிடித்துக்கொள்ள கிடைக்கும் மேற்பரப்பு 12 மடங்கு! தந்திரம் முழுக்க இதில்தான் இருக்கிறது. சிமென்ட்டுக்கு அழுத்தம் என்றால் கொண்டாட்டம். இழுத்தால் மட்டும் விண்டு போகும். இழுவை வரும் இடத்திலெல்லாம், மில்லிமீட்டர் கணக்கில் நெருக்கமாக, ஓர் இரும்பு இழை காத்துக்கொண்டிருந்தால்? விரிசல் பிறந்த உடனே அடுத்த இழை அதை மடக்கிவிடும்.

விரிசலே விழாது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். விழும். ஆனால் ஒரே இடத்தில் வாய் பிளக்காமல், கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளாக நூறு இடத்தில் பகிர்ந்து விழும். அந்த இழைகளுக்குள் தண்ணீர் நுழைந்தால் இன்னொரு வேடிக்கை. சிமென்ட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு கரைந்து, கரியமில வாயுவோடு சேர்ந்து, மறுபடி கல்லாக உறைந்து வழியை அடைத்துவிடும். முதல் வாரம் கசிந்த தொட்டி அடுத்த வாரம் நல்ல பிள்ளையாக நிற்பது இதனால்தான்.

இதெல்லாம் காகிதத்தில் சரி. கையில் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் புதுச்சேரிப் பக்கம் தொட்டி செய்யும் ஒரு சின்னக் களத்துக்குப் போயிருந்தேன். ஆரோவில் வட்டாரத்தில் ஃபெரோசிமென்ட் கூரைத் துண்டுகள், கதவுகள், சாண எரிவாயுத் தொட்டிகள் என்று பல காலமாகச் செய்கிறார்கள். அந்த வாசம் பட்ட கொத்தனார்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு.

களத்தின் நடுவில் ஆளுயரக் கம்பிக்கூண்டு ஒன்று நின்றது. 6 மி.மீ. கம்பியில் எலும்புக்கூடு. அதன்மேல் வெல்டு மெஷ். அதற்கும் மேலே, உள்ளும் புறமும், சாட்சாத் கோழிவலை! கோழிக்குக் கூண்டு கட்டும் அதே அறுகோண வலைதான், கடையில் சுருளாக விற்பது. ஒலிம்பிக் கூரைக்கும் கோழிக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கும் என்று யார் கண்டது!

"தம்பி, கைய அங்க வெக்காதீங்க, கிழிச்சிடும்" என்றார் மேஸ்திரி. வலையைக் கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு முடிச்சு, ஒரு சாண் தள்ளி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஆயிரக்கணக்கில். நான் பார்த்தவரை இந்த வேலையில் பாதி நேரம் முடிச்சுக்கே போகிறது.

"ஏன்ணே இவ்ளோ முடிச்சு?"

"லூசா இருந்தா வலை உப்பிக்கும். உப்பின எடத்துல பூச்சு தடிச்சிடும். தடிச்சா எடை, எடை வந்தா வெடிப்பு. முடிச்சுல சோம்பல்பட்டா தொட்டியில தண்ணி நிக்காது."

கூண்டு தயாரானதும் அவர் முழங்கையால் ஓர் இடி இடித்தார். கூண்டு 'டொய்ங்' என்று துள்ளித் திரும்பியது. அப்படித் துள்ளினால்தான் பூச்சுக்குச் சம்மதம். இதுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

அப்புறம் கலவை. மணலை நுண்சல்லடையில் சலிக்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய குருணைக்கே இடமில்லை, வலையின் கண்ணில் சிக்கிப் பின்னால் பொந்து விட்டுவிடும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு இரண்டு பங்கு மணல். தண்ணீர்தான் கதையின் வில்லன். சிமென்ட் எடையில் பத்தில் நான்கு பங்கு போதும்; கை வலிக்கிறதே என்று இன்னொரு குவளை ஊற்றினால் பூச்சு சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்தபின் பலவீனமாகவும் நிற்கும். அதனால் கலவை உருண்டை பிடிக்கும் பதத்தில் இருக்கிறது. சித்தாளாக வந்திருந்த அக்கா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்து, "போதும், தண்ணியத் தொடாத" என்று உத்தரவு போட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்; மேஸ்திரிகூட வாயைத் திறக்கவில்லை.

இப்போதுதான் திரைக்குப் பின்னால் நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. வெளியே ஒரு கொத்தனார், கூண்டுக்கு உள்ளே ஒரு கொத்தனார்! உள்ளே இருப்பவர் வலையின் மறுபக்கம் ஒரு தகட்டை அண்டக்கொடுக்கிறார். வெளியே இருப்பவர் அதே இடத்தில் கரண்டியால் கலவையை அழுத்தித் திணிக்கிறார். தகடு நகர, கரண்டி நகர, இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஜோடியாகச் சுற்றி வருகிறார்கள். வலை வழியாகத் தெரிந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் மறைகிறது. கடைசியில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது, அதுவும் எதிரொலியோடு. அவர் பாட ஆரம்பித்துவிட்டார். குளியலறைப் பாடகர்களுக்கு இதைவிடச் சிறந்த மேடை அமையாது. உள்பூச்சையும் அவரே முடித்து, மேலே இருக்கும் ஆள்துளை வழியாக வெளியே வரவேண்டும். உள்ளே போகிற ஆளை யார் தேர்ந்தெடுப்பது என்று கேட்டேன். "ஓட்டைதான்" என்றார் மேஸ்திரி.

வலைக்கு மேல் மூடியிருக்கும் சாந்து சில மில்லிமீட்டர்தான். அதனால் ஈரம் காயக் கூடாது. சாக்குப் போர்த்தி, ஒரு வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு வாரம், காலையும் மாலையும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய பண்டம் வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும். தடித்த கான்கிரீட்டுக்குக் கிடைக்கும் மன்னிப்பு இதற்குக் கிடையாது. இந்தத் தொட்டிகளுக்கு அரசாங்க முத்திரையும் உண்டு: ஐ.எஸ். 13356 என்ற 1992ஆம் ஆண்டு இந்தியத் தரக்குறிப்பு 250 லிட்டரிலிருந்து 10,000 லிட்டர்வரை முன்வார்ப்புத் தொட்டிகளுக்கு விதி எழுதியிருக்கிறது. இலங்கையில் 1990களின் நடுவில் மழைநீர் சேகரிப்புக்காகப் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய 5,000 லிட்டர் ஃபெரோசிமென்ட் தொட்டிக்கு, உருண்டுதிரண்ட அதன் வயிற்றைப் பார்த்துப் பூசணித் தொட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உருண்டை வெறும் அழகுக்காக இல்லை. வளைந்த சுவர் தண்ணீரின் தள்ளலைச் சுற்றிலும் பங்குபோட்டுக்கொள்கிறது. தட்டையான சுவர் நடுவில் உப்பித் தவிக்கும். மெல்லிய பொருளுக்கு வளைவுதான் முதுகெலும்பு.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஆள்தான் பியர் லூயிஜி நெர்வி. ரோம் கூரையின் சூத்திரதாரி. 1891இல் பிறந்த இத்தாலியப் பொறியாளர். சும்மா வரைபடம் போடுகிறவர் இல்லை, சொந்தமாகக் கட்டுமான நிறுவனமே வைத்திருந்தார். யாராலும் கட்ட முடியாது என்று மற்ற ஒப்பந்தக்காரர்கள் தலையைச் சொறியும்போது, குறைந்த விலைக்கு நானே கட்டித்தருகிறேன் என்பார். எப்படி முடிந்தது? முசோலினி காலத்தில் இத்தாலியில் இரும்புக்குக் கட்டுப்பாடு, பிறகு போர், பிறகு பஞ்சம். இரும்பு இல்லை, மரம் இல்லை. கைகள் மட்டும் ஏராளம், கூலியும் மலிவு. அந்த நெருக்கடியில்தான் வலையும் சாந்துமான இந்த முறையை மெருகேற்றி 1943இல் காப்புரிமை வாங்கினார். நேராகப் பெரிய மண்டபத்தில் இறங்கவில்லை. முதலில் 1945இல் ரோமின் மாலியானா பகுதியில் தனக்கே ஒரு கிடங்கு கட்டிப் பார்த்தார்: நெளிநெளியான சுவர், 3 செ.மீ. தடிமன். அப்புறம் 'இரேனே' என்று 165 டன் கப்பல்! உடம்பின் தடிமன் 3.6 செ.மீ.; மரக்கப்பலைவிட எடையில் 5 சதவீதமும் செலவில் 40 சதவீதமும் குறைவு. மிதந்ததும் தைரியம் வந்துவிட்டது. 1940களின் கடைசியில் டூரின் நகரக் கண்காட்சி மண்டபத்தின் பிரம்மாண்டக் கூரையை நெளிவுத் துண்டுகளால் மூடிவிட்டார்.

ரோம் அரங்கத்துக்கு அவர் செய்த வித்தை இன்னும் ஜோர். அத்தனை பெரிய குவிமாடத்துக்கு சென்ட்ரிங் பலகை அடித்தால் காடு ஒன்றை வெட்டவேண்டி வரும். அவர் என்ன செய்தார்? குவிமாடத்தின் ஒரே ஒரு கீற்றை மட்டும் தரையில் முழு அளவில் கட்டினார். பலாச்சுளை மாதிரி ஒன்று சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் உடன்பிறப்புகள்தானே! அந்தக் கீற்றின்மேல் அச்சு எடுத்தார், அச்சும் ஃபெரோசிமென்ட்டிலேயே. அச்சிலிருந்து சாய்சதுரத் துண்டுகள். துண்டுகளைச் சாரத்தின்மேல் பக்கம் பக்கமாக அடுக்கி, இடைவெளியில் கம்பி வைத்துக் கான்கிரீட் ஊற்றினார்கள். துண்டுகளே சென்ட்ரிங் பலகை, துண்டுகளே கூரை, துண்டுகளே உள் அலங்காரம். இடைவெளியில் ஊற்றிய கான்கிரீட் விலா எலும்பாக இறுகி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் அது இரண்டரை சென்டிமீட்டர் தனியாக நிற்கும் சாகசம் இல்லை. இரண்டரை சென்டிமீட்டர் புத்திசாலித்தனமாக வேலைவாங்கும் நிர்வாகம். குவிமாடம் சில வாரங்களில் எழும்பிவிட்டது.

திரைக்குப் பின்னால் இன்னொரு பிரபலம் நிற்கிறார், கையோடு பார்த்துவிடுவோம். சிட்னி ஆபரா ஹவுஸ்! அந்த வெள்ளை ஓடுகள் 10 லட்சத்துக்கும் மேல். ஸ்வீடனின் ஹோகனாஸிலிருந்து வந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கூரையில் ஒட்டவில்லை. கட்டட வளாகத்திலேயே தொழிற்கூடம் போட்டு, அச்சுக்குள் ஓடுகளை முகம் கீழே பார்க்கக் குப்புற அடுக்கினார்கள். ஓடுகளுக்கு நடுவே சாந்து ஒழுகாதிருக்க இடுக்குகளில் விலங்குப் பசையைக் காய்ச்சி ஊற்றினார்கள். அதன் முதுகில் வலை, சாந்து: அதாவது நம்ம ஆள். நீராவியில் வேகவைத்ததும் சாந்து இறுகிற்று, பசை இளகி ஓடிற்று. தூக்கிக் கவிழ்த்தால் பளபளக்கும் பலகை ரெடி. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதெல்லாம் ஓட்டை. ஓட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு செல்ஃபி உண்டா?

சரி, இவனைப் பெற்றவர் யார்? இதோ கிசுகிசுப் பக்கம். தென் பிரான்ஸில் மிராவால் என்ற பண்ணை. 1848இல் அதன் உரிமையாளர் ஜோசப் லூயி லாம்போ, கம்பி வலையில் சிமென்ட் சாந்து பூசி ஒரு படகு செய்து, பண்ணைக் குளத்தில் மிதக்க விட்டார். 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார், காப்புரிமையும் வாங்கினார். கப்பல் கட்டும் மரத்துக்கு மாற்று என்பது அவர் கனவு. உலகம் "ஓ, சரி" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. தடித்த கம்பியும் ஜல்லியும் போட்ட கான்கிரீட் பிறகு வந்து ராஜாவாகிவிட்டது. மூத்தவன் நூறாண்டு காலம் கொல்லைப்புறத்தில். லாம்போவின் படகு ஒன்று அதே குளத்திலிருந்து 1955இல் வெளியே வந்து, இப்போது பிரிஞோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பண்ணை? அங்கே பிற்காலத்தில் ஒலிப்பதிவுக்கூடம் வந்தது. பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' தொகுப்பின் ஒரு பகுதி அங்கே பதிவானது. அப்புறம் ஏஞ்சலினா ஜோலியும் பிராட் பிட்டும் வாங்கி, 2014இல் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்கள். கோழிவலையின் பூர்வீக வீட்டில் ஹாலிவுட் கல்யாணம்! இதைவிட என்ன வேண்டும் எனக்கு?

1960களிலும் 70களிலும் லாம்போவின் ஆவி நியூசிலாந்துப் பக்கம் வந்து இறங்கியது. வீட்டுக் கொல்லையில் சொந்தமாகக் கடல் படகு கட்டும் பித்து. வார இறுதிகளில் வருஷக்கணக்காகக் கம்பி வளைப்பார்கள், ஏழெட்டு அடுக்கு வலை கட்டுவார்கள். பிறகு வரும் பூச்சு நாள். அது ஒரு திருவிழா. முழுப் படகையும் ஒரே நாளில், நடுவில் ஒட்டு விழாமல், பூசி முடிக்க வேண்டும். கூலிக்குக் கொத்தனார்கள், ஓசிக்கு மச்சான்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். சாந்து வலைக்குள் இறங்க வேண்டுமே என்று மரம் தேய்க்கும் மின்சாரக் கருவியை அணைத்துப் பிடித்து அதிரவிட்டார்கள்! இப்படிப் பிறந்தவை எல்லாம் பொம்மைகள் என்று நினைக்காதீர்கள். 'அவானி' என்ற ஃபெரோசிமென்ட் பாய்மரப் படகு 1970-71இல் அன்டார்க்டிகாவையே வலம் வந்தது. பனிப்பாறைக் கடலில், கோழிவலையை நம்பி!

இதெல்லாம் கேட்டுக் கிறங்கிப்போய் நாளைக்கே வலை வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு மேக்கப் இல்லாத முகத்தையும் காட்டிவிடுகிறேன். துத்தநாகம் பூசிய வலையையும் பூசாத கம்பியையும் ஈரச் சாந்துக்குள் ஒன்றாகக் கட்டினால், இரண்டும் சேர்ந்து குட்டி பாட்டரி ஆகிவிடும். ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பி, கம்பிக்கும் சாந்துக்கும் நடுவே பிரிவினை செய்யும். கலவைத் தண்ணீரில் பத்து லட்சத்தில் 300 பங்கு குரோமியம் ட்ரையாக்ஸைடு சேர்ப்பது பழைய வைத்தியம். அது நஞ்சு, கையுறை இல்லாமல் கிட்டப் போகக் கூடாது. வீட்டுக் கூரையாகப் போட்டால், மெல்லிசு என்பதால் சித்திரை வெயில் கூச்சமில்லாமல் உள்ளே வரும். மேலே வேறு காப்பு வேண்டும். கூர்மையான பொருள் குத்தினால் அந்த இடம் நொறுங்கும். சிதறி விழாது, வலை பிடித்துக்கொள்ளும். இரண்டு கரண்டிக் கலவையில் சரிசெய்தும் விடலாம்.

ஆனால் இதன் உண்மையான விலை கூலிதான் என்பது என் கட்சி. ஃபெரோசிமென்ட் இரும்பை மிச்சம் பிடிக்கிறது, மரத்தை மிச்சம் பிடிக்கிறது. மனுஷக் கையை மட்டும் தாராளமாகச் செலவழிக்கிறது. கூலி மலிவான இத்தாலியில் அது குவிமாடம் ஆனது. இத்தாலியில் கூலி ஏறியதும் அந்த மாதிரிக் கூரைகள் நின்றுபோயின. நம் மொட்டைமாடிகளில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஜெயித்ததும் பலத்தால் இல்லை. அதற்கு முடிச்சுப் போட ஆள் வேண்டாம், காலையில் வண்டியில் வந்து மாலையில் தண்ணீர் பிடிக்கும். பொருள் தோற்கவில்லை, பொறுமைக்குக் கட்டுப்படியாகவில்லை.

படகுக்காரர்களின் கதையும் அதுதான். முடிச்சில் சோம்பியவர், பூச்சு நாளில் அவசரப்பட்டவர் எல்லோருடைய படகும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தன. கம்பிக்குப் பின்னால் பொந்து இருக்கிறதா, உள்ளே துரு ஏறுகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். அருமையாகக் கட்டிய படகும் அடிமாட்டு விலைக்குப் போயிற்று. இன்றைக்கும் மேலை நாடுகளில் பழைய ஃபெரோசிமென்ட் படகு மலிவாகக் கிடைக்கும். வாங்க ஆசையிருந்தால் ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துப்போய், மூக்கிலிருந்து வால்வரை ஒரு சாண் விடாமல் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்டால் விலை பேசலாம். 'டொக்' என்று கேட்ட இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் பத்தைத் தாண்டினால் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு, விற்கிறவர் காபி கொண்டுவருவதற்குள் கிளம்பிவிடுங்கள்.